மருந்துச் சீட்டு கைக்கு வராமல் ஆப்பில் பணம் கட்டாதீர்கள்

அப்பா அம்மாவைப் பென்னாகரம், பாலக்கோடு பக்கம் விட்டுவிட்டு ஓசூரிலும் பெங்களூரிலும் வேலை பார்ப்பவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

அப்பாவுக்குச் சர்க்கரை. போனிலேயே டாக்டர், வீட்டுக்கே மருந்து என்றார்கள், ஒரு ஆப்பில் சேர்ந்தோம். டாக்டர் பொறுமையாகத்தான் பேசினார், அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பேசி முடித்ததும் சீட்டு வரவில்லை, பணம் கட்டச் சொல்லித்தான் வந்தது. கேட்டால், "ஆர்டர் போட்டாதான் சீட்டு டவுன்லோடு ஆகும் சார்" என்கிறார்கள். இப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமையே இல்லை. 2020 மார்ச்சில் மத்திய அரசு வெளியிட்ட தொலைமருத்துவ வழிகாட்டுதலின்படி சீட்டை நோயாளிக்கு அனுப்பியாக வேண்டும். நேராக ஒரு கடைக்கு அனுப்புவதென்றால் நம் சம்மதம் வேண்டும். எந்தக் கடையில் வாங்குவது என்பதும் நம் விருப்பம்தான்.

இன்சுலின் தீரும் நிலையில் இருந்ததால் வேறு வழியில்லாமல் ஆர்டர் போட்டோம். வந்தது நல்ல வெயில் நேரத்தில். டெலிவரிக்காரர் ஊருக்குள் வர முடியாது என்று பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அட்டைப்பெட்டியின் அடி ஊறிப் போயிருந்தது. உள்ளே ஐஸ் ஜெல் முழுக்க உருகித் தளதளவென்று கிடந்தது, இன்சுலின் பேனாவைத் தொட்டால் வெதுவெதுப்பு. பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய பொருள். சூட்டில் வீரியம் போயிருந்தாலும் பார்த்தால் தெரியாமல் போகலாம். அதை எந்த தைரியத்தில் அப்பாவுக்குப் போடுவது? போட்டோ அனுப்பினோம். "குளிர்ச்சியில் வைக்கும் மருந்துக்கு ரிட்டர்ன் இல்லை" என்று முடித்துவிட்டார்கள்.

பில்லில் 20% தள்ளுபடி என்று பெரிதாகப் போட்டு, கீழே டெலிவரி, பேக்கிங் என்று திரும்ப ஏற்றியிருந்தார்கள். ஊர் மெடிக்கல் ஷாப் அண்ணன் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதே மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு தான் தம்பி, வேற கம்பெனியில பாதி விலைக்கு இருக்கு" என்றார்.

இன்சுலினை ஃபிரிட்ஜ் உள்ள கடையில் ஆள் போய் வாங்குங்கள். மாத்திரைக்கு முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகத்தில் விலை கேளுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே இலவசமாகத் தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். உங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். போனில் டாக்டர் வேண்டுமென்றால் அரசின் இசஞ்சீவனி இருக்கிறது, காசு கிடையாது. ஏற்கெனவே மாட்டியவர்கள் பில்லையும் பெட்டியின் போட்டோவையும் வைத்துக்கொண்டு நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அடியுங்கள்.