ஊசியா, குழாயா: சால்மொனெல்லாவும் லீஜியோனெல்லாவும்

தேக்கா சந்தையில் முட்டை வாங்கும்போது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் கேட்டாள்: “சித்தி, செல்லுக்குள்ள புகுந்த கிருமி தன் புரதத்தை எப்படி அனுப்புது?”

முட்டையில் வரக்கூடிய சால்மொனெல்லாவிடம் இருப்பது மூன்றாம் வகைச் சுரப்பு அமைப்பு, அதாவது தன் புரதத்தை நம் செல்லுக்குள் செலுத்தும் கருவி. நுண்ணிய ஊசி அது. கிருமி நீந்தப் பயன்படும் கசையிழைக்கு உறவு. துளை 2, 3 நானோமீட்டர்தான். அதனால் நூல் கோப்பதுபோல, புரதத்தின் மடிப்பைப் பிரித்துத்தான் அனுப்ப வேண்டும். எனக்கு வியப்பே இதன் இரட்டை ஏற்பாடுதான்: ஓர் ஊசி செல்லுக்குள் நுழைய; இன்னொன்று, உள்ளே தன்னை அடைத்த பை அமிலமானதை உணர்ந்தபின், அங்கேயே தங்கிப் பெருக.

குளிரூட்டும் கோபுர நீரில் வளரும் லீஜியோனெல்லா என்ற கிருமியுடையது நான்காம் வகைச் சுரப்பு அமைப்பு; குழாய் போன்றது. பாக்டீரியாக்கள் டிஎன்ஏ பரிமாறும் அமைப்பின் வழிவந்தது. 300க்கும் மேற்பட்ட புரதங்களை அனுப்புகிறது. சால்மொனெல்லாவுக்குச் சில பத்துகளே. லீஜியோனெல்லாவின் சில புரதங்கள், செல்லுக்குள் புரதம் தயாராகும் சவ்வு வலையான எண்டோபிளாச வலையிலிருந்து கிளம்பும் நுண்பைகளை மறித்து, கிருமியின் அறைக்குச் சுவராக்குகின்றன.

முதலில் சால்மொனெல்லாவைப் படி என்றேன். லீஜியோனெல்லாவில் ஒரு புரதத்தை நீக்கினால், பெரும்பாலும் வேறொன்று அந்த வேலையைப் பார்த்துவிடும்; எது என்ன செய்கிறது என்று கண்டுபிடிப்பது கடினம்.