கலி பவுசரா, ரொட் போடுகிறவரா? ஒரு தீபாவளி அனுபவமும் கொஞ்சம் கணக்கும்

தீபாவளிக்கு முதல் நாள். வீடு நிறையச் சொந்தக்காரர். காலையிலேயே கீழ்மாடி கொமட்டில் தண்ணீர் இறங்காமல் நின்றது. மத்தியானம் குளிக்கிற இடத்து வடிகாலால் மேலே வரத் தொடங்கியது. எங்கள் வீடு தெகிவளையில், அத்திடியப் பக்கம். "குழி நிரம்பிட்டுது தம்பி, பவுசரைக் கூப்பிடுங்கோ" என்றார் பக்கத்து வீட்டு அன்ரி. குழி என்றது மலக்குழியை, பவுசர் என்றது அதை உறிஞ்சி எடுக்கும் தாங்கி லொறியை. கூப்பிட்டேன். பிழை அங்கேதான்.

தனியார் பவுசர் ஒரு மணித்தியாலத்தில் ஒழுங்கை வாசலுக்கு வந்துவிட்டது. மூடியைத் தேடி, பூச்சாடிகளை நகர்த்தி, அலவாங்கால் கிளப்பிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் ததும்புகிறது. "ஃபுல் மாத்தயா" என்று உறிஞ்சி எடுத்து, காசையும் வாங்கிக்கொண்டு போனார்கள். கொமட் அப்படியே நின்றது. நன்றாக வேலை செய்கிற மலக்குழியும் வெளியேறும் குழாய் மட்டத்துக்கு எப்போதும் நிறைந்துதான் இருக்கும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. அடைப்பு வீட்டுக்கும் குழிக்கும் நடுவில் இருந்தது. மாலையில் வந்த பைப்புக்காரர் ரொட்டை, அதாவது குழாய்க்குள் தள்ளும் நீண்ட கம்பியை, விட்டு அரை மணித்தியாலத்தில் ஈரத் துடைப்புத் தாள்களை (வெட் வைப்ஸ்) ஒரு பந்தாக இழுத்து எடுத்தார்.

ஆகவே என் முதல் ஒப்பீடு பவுசருக்கும் பவுசருக்கும் இடையில் இல்லை, பவுசருக்கும் ரொட் போடுகிறவருக்கும் இடையில். ஒரு கழிவறை மட்டும் நின்று மற்றதெல்லாம் ஓடினால் அது அநேகமாக அந்தக் கிளைக் குழாயின் அடைப்பு. எல்லாமே நின்றால், வீட்டுக்கும் குழிக்கும் இடையிலுள்ள மேன்ஹோலைத் திறந்து பாருங்கள். அது காய்ந்து கிடந்தால் அடைப்பு அதற்கு முன்னால், வீட்டுப் பக்கம். அதுவும் நிறைந்திருந்தால் ஒன்றில் அதற்கு அப்பால் குழாய் அடைத்திருக்கிறது, இல்லாவிட்டால் குழியே ஏற்கவில்லை. குழியில் தண்ணீர் வெளியேறும் குழாய்க்கும் மேலே ஏறி நின்றால்தான் பவுசரை நினைக்கலாம். வழமையான மட்டத்தில் நின்றால் ரொட் போடுகிறவர் போதும், செலவும் குறைவு.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மாடி வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை: கொழும்பு மாநகர எல்லைக்குள் பல கட்டடங்கள் பொதுக் கழிவுநீர்க் குழாயோடு இணைந்தவை. உங்களிடம் குழியே இல்லாமல் இருக்கலாம். அப்படியானால் முதலில் கட்டடத்தின் பராமரிப்பாளர், அப்புறம் மாநகர சபை. தெகிவளைக் கால்வாயைத் தாண்டி வந்தால்தான் பெரும்பாலும் எங்கள் மலக்குழிக் கதை.

சரி, பவுசர்தான் தேவை என்று ஆகிவிட்டது. யாருடையது? சபையின் பவுசருக்கு விண்ணப்பித்து, காசு கட்டி, ரிசீட் வாங்கி, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். நீண்ட விடுமுறையில் அகப்பட்டால் கதை முடிந்தது. ஆனால் கட்டணம் முன்கூட்டியே தெரியும், கழிவு எங்கே போகிறது என்று கேட்க ஒரு இடமும் உண்டு. தனியார் இரவிலும் வருவார்கள். விலை உங்கள் அவசரத்தைப் பார்த்து ஏறும். ஃபோனிலேயே மூன்றைக் கேளுங்கள்: பவுசர் எத்தனை லீற்றர் கொள்ளும், காசு லோட் கணக்கா வேலைக் கணக்கா, குழாய் உங்கள் ஒழுங்கைக்குள் எவ்வளவு தூரம் எட்டும். நான்காவதாக, எங்கே கொண்டுபோய்க் கொட்டுவீர்கள் என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் நான் விட்டுவிடுவேன். இரவோடு இரவாகக் கால்வாயில் போனால் அது யாரோ ஒருவருடைய வாசலுக்குத்தானே வரும். ஒருநாள் தாங்க முடியும் என்றால் என் வோட்டு சபைக்கு. வீட்டுக்குள் ஏறிவிட்டால் தனியாருக்கு.

ஒக்டோபர், நவம்பர் மழையில் இன்னொரு சிக்கல். கடற்கரைப் பக்க மணல் தரை தண்ணீரைக் குடித்துவிடும். எங்கள் சதுப்புப் பக்கத்தில் நிலத்தடி நீர் ஏறினால், மலக்குழியிலிருந்து வெளியேறும் நீரை மண்ணுக்குள் விடும் உறிஞ்சு குழி எதையும் ஏற்காது. மலக்குழியை வெறுமையாக்கினாலும் சில நாளில் திரும்ப நிரம்பும்; பிளாஸ்டிக் தாங்கியாக இருந்தால் அடியிலிருந்து வரும் நீர் அதைத் தூக்கிவிடவும் கூடும். அந்த நாட்களில் முழுவதையும் எடுக்காமல் கொஞ்சம் மட்டும் எடுக்கச் சொல்லி, உடுப்புத் தோய்ப்பதை நிறுத்தி, குளியலை வாளியோடு சுருக்கி, மழை விடும்வரை சமாளிப்பதே லாபம்.

கடையில் விற்கும் பக்டீரியாத் தூளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. வேண்டிய பக்டீரியா ஒவ்வொரு தடவையும் இலவசமாகவே உள்ளே போகிறது. அசிட் ஊற்றுவது அதைவிட மோசம்: இருக்கிற பக்டீரியாவைக் கொல்லும், பிளீச்சோடு கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்.

குழிக்குள் ஆள் இறங்குவதை நான் ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. உள்ளே இருக்கும், அழுகிய முட்டை வாடையடிக்கும் நச்சு வாயு அதிகமானால் மூக்கே அதை உணராமல் போய்விடும். டோர்ச் உள்ளே விழுந்தாலும் விழுந்ததுதான். மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்தில் சிகரெட்டும் வேண்டாம், மீதேன் பற்றிக்கொள்ளும்.

எங்கள் மூடி இப்போது எங்கே என்று தேட வேண்டியதில்லை. மதிலில் சிவப்புப் பெயின்டால் ஒரு அம்புக்குறி போட்டிருக்கிறேன். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை, விருந்தினர் கேட்கிறார்களாம்.