டைல்ஸ் ஒட்ட யாரைப் பிடிப்பது: கடை டீமா, காண்ட்ராக்டரா, தனி மேஸ்திரியா?

தமிழ்நாட்டில் வீட்டுக்கு டைல்ஸ் ஒட்ட ஆள் கிடைப்பது மூன்று வழியில். டைல்ஸ் வாங்கும் கடையே டீம் அனுப்பும். வீட்டை மொத்தமாக எடுத்த காண்ட்ராக்டர் தன் ஆட்களை இறக்குவார். இல்லையென்றால் சதுர அடிக் கூலிக்குத் தனி மேஸ்திரி வருவார். ஒட்டுகிற கை பல இடங்களில் ஒரே மாதிரிதான். கோளாறு வந்தால் யார் சட்டையைப் பிடிப்பது என்பதில்தான் மூன்றும் வேறுபடுகின்றன.

கடை டீமில் பெரிய வசதி, சரக்கும் கூலியும் ஒரே வாசலில் கிடைப்பது. பெட்டி குறைந்தால் அதே பேட்ச், அதே ஷேடில் உடனே வரும்; பிரிக்காத பெட்டியைத் திருப்பிக் கொடுப்பதும் சுலபம். ஆனால் ஆறு மாதம் கழித்து ஒரு டைல் ஆடினால், கடை மேஸ்திரியைக் காட்டும், மேஸ்திரி டைல்ஸைக் காட்டுவார். பில்லிலேயே ஒட்டுக் கூலியையும் எழுதித் தரும் கடையாக இருந்தால் மட்டும் இந்த வழி சரி. மொத்தக் காண்ட்ராக்டரிடம் பிரச்சினை வேறு. ஒப்பந்தத்தில் ‘டைல்ஸ் சதுர அடிக்கு இவ்வளவு வரை’ என்று ஒரு வரி இருக்கும். அது டைல்ஸின் விலை மட்டுமா, பேஸ்ட் (ஒட்டும் பசை), ஸ்பேசர் (இடைவெளிக்கு வைக்கும் துண்டு), கிரவுட் (இடைவெளியை அடைக்கும் கலவை), ஸ்கர்டிங் (சுவர் அடியில் ஓடும் டைல் பட்டை) வெட்டுக் கூலி எல்லாம் சேர்ந்ததா என்பது எழுத்தில் இருக்காது. தகராறு எல்லாம் அங்கேதான் பிறக்கும்.

நமது ஓட்டு தனி மேஸ்திரிக்கு, லேபர் காண்ட்ராக்டாக, சரக்கை நாமே வாங்கிக் கொடுத்து. ஒரு நிபந்தனை: ரேட்டில் பேரம் பேசக் கூடாது. சதுர அடிக்கு இரண்டு ரூபாய் குறைத்தால் அவர் தன் லாபத்திலா குறைப்பார்? முதல் டைலை வைக்கும் முன் செலவழிக்க வேண்டிய அரை நாளைக் குறைப்பார்.

அந்த அரை நாளில் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, 2×2 அடி டைல். ஐந்து டைல் போட்டால் பத்தடி முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். டைலின் உண்மையான அளவு 600 மிமீ, இரண்டடிக்குக் கொஞ்சம் குறைவு. 2 மிமீ இடைவெளியோடு ஐந்து டைல் 3010 மிமீ வரும். பத்தடி என்பது 3048. சுவர் ஓரத்தில் ஒன்றரை அங்குலத்துக்கு ஒரு துண்டு, பட்டை மாதிரி நிற்கும். பன்னிரண்டடிப் பக்கத்திலும் இதே கதைதான். ஒரு சுவரில் ஆரம்பித்து அடுத்த சுவரை நோக்கி ஓட்டுகிற ஆள் இதைக் கடைசி வரிசையில்தான் கண்டுபிடிப்பார். நல்ல மேஸ்திரி அறையின் நடுவில் நூல் பிடித்து, டைலைச் சும்மா அடுக்கிப் பார்த்து, இரண்டு ஓரத்திலும் ஓரடிக்குச் சற்று மேற்பட்ட துண்டு வருமாறு நகர்த்துவார். அதற்கு 42 டைல், அதாவது பெட்டிக்கு நான்கு வீதம் 11 பெட்டி ஆகும். வெறும் சதுர அடிக் கணக்குப் போட்டு 8 சதவீதம் சேதாரம் சேர்த்தால் 9 பெட்டிதான் வரும். ஆனால் வெட்டிய மிச்சத்திலேயே நான்கு அங்குல ஸ்கர்டிங் முழுக்க வந்துவிடும். அதற்கென்று தனியாக ஒரு பெட்டி வாங்க வேண்டாம். கடைசியில் வித்தியாசம் ஒரு பெட்டிதான். இந்தக் கணக்கைச் சொல்லத் தெரிந்தவரா என்று பாருங்கள், வேலை கொடுக்கலாமா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்தது அடிப்பாகம். சுவருக்கான செராமிக் டைல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். சிமெண்டில் ஒட்டுவதானால் ஊற வைத்து ஒட்டலாம், பிடித்துக்கொள்ளும். வெட்ரிஃபைடு டைல் (கண்ணாடி மாதிரி இறுகச் சுட்ட வகை) உறிஞ்சுவது அரை சதவீதம்கூட இருக்காது. அதை மணிக்கணக்கில் தொட்டியில் போட்டு வைப்பது வீண், சிமெண்டுப் பாலும் அதன் முதுகில் ஒட்டாது. அதற்குப் பேஸ்ட்தான். மூட்டையில் ஐஎஸ் 15477 என்றும், கூடவே டைப் எண்ணும் அச்சிட்டிருக்கும். வெட்ரிஃபைடுக்கு டைப் 1 போதாது, டைப் 2-வோ அதற்கு மேலோ வேண்டும். 20 கிலோ மூட்டை 3 மிமீ கனத்தில் ஏறக்குறைய 50 சதுர அடிதான் ஓடும். 100 அடி ஓட்டிக் காட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், ஐந்து உருண்டை வைத்து அமுக்கப் போகிறார் என்று அர்த்தம். உருண்டைக்கும் உருண்டைக்கும் நடுவில் காற்றுதான் இருக்கும். அந்த இடத்தில் கனமான பாத்திரம் விழுந்தால் மூலை தெறிக்கும்.

பேஸ்டைப் பல் வெட்டிய கரண்டியால் ஒரே திசையில் இழுக்க வேண்டும். டைலின் முதுகில் இருக்கும் வெள்ளைப் பொடியை ஈரத்துணியால் துடைக்காமல் ஒட்டினால் பேஸ்ட் அந்தப் பொடியைத்தான் பிடிக்கும், டைலைப் பிடிக்காது. தரையில் இழுத்துவிட்ட பேஸ்டுக்குப் பதினைந்து இருபது நிமிடம்தான் ஆயுள். மே மாதத்தில் ஃபேன் ஓடினால் அதுவும் இருக்காது. விரலால் தொட்டால் ஒட்டவில்லையா, வழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும். முதல் நாள் வேலையில் ஒட்டிய டைல் ஒன்றை அப்போதே தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முதுகில் எண்பது சதவீதமாவது பேஸ்ட் பதிந்திருக்க வேண்டும், பாத்ரூமில் ஏறக்குறைய முழுதும். தூக்கிக் காட்ட முறைக்கிறவரை அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிடலாம்.

இடைவெளியே வேண்டாம், ஒட்டி ஒட்டி வையுங்கள் என்று கேட்பது பெரும்பாலும் வீட்டுக்காரர்தான். சேதமும் அவருக்கே. வெயிலில் தரை விரியும்போது போக இடமில்லாமல் இரண்டு டைல் கூடாரம் மாதிரி எழும்பும். ஸ்பேசரோடு, சுவர் ஓரத்தில் ஸ்கர்டிங்குக்குள் மறையும்படி 6 மிமீ விட்டால் இந்தத் தொல்லை வராது. 2×4 டைலைச் செங்கல் வரிசை மாதிரி பாதிக்குப் பாதி மாற்றி வைப்பதும் ஆபத்து. நீளமான டைலின் நடுவில் லேசான வளைவு இருக்கும். பக்கத்து டைலின் ஓரம் அங்கே வந்து காலில் இடிக்கும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றக் கூடாது.

பாத்ரூம் தனிப் பாடம். எட்டடிக்கு ஓர் அங்குலமாவது சரிவு வேண்டும். அந்தச் சரிவை அடிக் கலவையில் கொண்டுவர வேண்டும், டைலைச் சாய்த்துக் கொண்டுவரக் கூடாது. 1×1 ஆண்டி-ஸ்கிட் (வழுக்காத) டைல் நான்கு பக்கமும் சரிந்து ட்ராப்புக்கு, அதாவது தண்ணீர் இறங்கும் வாய்க்கு, வரும். பெரிய டைலை அப்படி வளைக்க முடியாது, குறுக்கே வெட்ட வேண்டிவரும். வாட்டர் ப்ரூஃபிங் முடிந்ததும் ட்ராப்பை அடைத்து 48 மணி நேரம் தண்ணீர் கட்டி, கீழ்த்தளக் கூரையைப் பார்த்த பிறகே டைல். சுவரில் அடி வரிசையை விட்டுவிட்டு இரண்டாம் வரிசையில் தொடங்குவது சரியான முறை. தரை டைல் வந்த பிறகு அடி வரிசை அதன்மேல் உட்காரும், தண்ணீர் மூலைக்குள் இறங்காது.

கிரவுட் அடுத்த நாள்தான். வெள்ளை சிமெண்ட் கொஞ்ச நாளில் பழுப்பாகும். பாத்ரூமுக்கும் சமையல் மேடைக்கும் எபாக்ஸி கிரவுட் (சிமெண்டுக்குப் பதில் ரெசினால் ஆனது) போடலாம், ஆனால் மேலே படிந்ததை அன்றே துடைக்காவிட்டால் பிறகு போகாது. கறை எடுக்கிறேன் என்று ஆசிட் பாட்டிலோடு வருபவரை வாசலிலேயே நிறுத்துங்கள், சிமெண்ட் கிரவுட்டை அரித்துவிடும்.

கூலியில் நான்கில் ஒரு பங்கையாவது பிடித்து வையுங்கள். ஒரு வாரம் கழித்து ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலின் நான்கு மூலையையும் நடுவையும் தட்டிப் பாருங்கள். வெற்றுச் சத்தம் வரும் டைலில் சாக்பீஸால் குறி போட்டு, மேஸ்திரியை வைத்தே மாற்றிவிட்டு மீதியைக் கொடுக்கலாம். மாற்றுவதற்கு அதே பேட்சில் ஒரு பெட்டி பரணில் இருக்க வேண்டும். அந்த ஷேட் அடுத்த வருடம் கடையில் கிடைக்காது.