காரைக்குடி பார்க்குல ஆறு கூடை: சில வருஷமா டிஸ்க் கோல்ஃப் ஆடுன அனுபவம்

இவ்ளோ சின்ன பார்க்குல டிஸ்க் கோல்ஃப் ஆடுனா சலிச்சுப் போயிராதான்னு நிறைய பேர் கேக்குறாங்க. காரைக்குடிக்கு வெளிய எங்க நகர் பார்க்குல மொத்தமே ஆறு கூடை தான், எறியற இடத்துல இருந்து இருக்கறதுலயே தூரமான கூடை 60 மீட்டர், மத்ததெல்லாம் 40க்குள்ள. சில வருஷமா இதுலயே தான் ஆடுறோம், எனக்கு இன்னும் சலிக்கல, சொல்லப்போனா இப்பத்தான் இந்த இடமே பிடிபட ஆரம்பிச்சிருக்கு.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு ஒரு வரி. கோல்ஃப் மாதிரியே தான், பந்துக்கு பதிலா தட்டு, குழிக்கு பதிலா சங்கிலி தொங்குற கூடை, கம்மி எறியில முடிக்கறவர் ஜெயிச்சாரு. இந்தச் சங்கிலிக் கூடைய 1970கள்ல அமெரிக்காவுல எட் ஹெட்ரிக்னு ஒருத்தர் உண்டாக்குனாரு, 2002ல அவரு இறந்தப்புறம் அவரு ஆசைப்பட்டபடியே சாம்பலைப் பிளாஸ்டிக்ல கலந்து தட்டாவே வார்த்தாங்களாம். அதப் படிச்சதுல இருந்து அந்த மனுஷன் மேல எனக்கு தனி மரியாதை.

எங்க கூடையெல்லாம் உள்ளூர் வெல்டிங் பட்டறையில அடிச்சது. சைக்கிள் ரிம், ஜிஐ பைப்பு, ஹார்டுவேர் கடைச் சங்கிலி, அவ்ளோதான். வெளிச்சுத்துச் சங்கிலி மட்டும் இருந்தப்ப வேகமா வர்ற தட்டு இடுக்குல பூந்து அந்தப் பக்கம் போயிரும், இல்லேன்னா நடு பைப்புல டங்குனு பட்டு கீழ விழும். பட்டறை அண்ணே ஒரு நா சாயங்காலம் வந்து நின்னு பாத்துட்டு, "தம்பி, உள்ள இன்னொரு சுத்து தொங்க விடுங்க, ஆனா இறுக்கிக் கட்டாதீங்க, தொளதொளன்னு இருந்தாத்தான் வேகத்த வாங்கும்"னாரு. அன்னைலருந்து சத்தமே மாறிப்போச்சு, சலக்குனு ஒரே சத்தம், தட்டு அப்படியே வழிஞ்சு கூடைக்குள்ள உக்காந்துக்கும். இன்னொன்னு, வெல்டு வச்ச இடத்துல ஜிங்க் பூச்சு கருகிப் போறதால ஐப்பசி மழைக்கு துரு அங்கதான் முதல்ல ஏறும், அதனால மழைக்கு முன்ன சுரண்டிட்டு ரெட் ஆக்ஸைடு அடிச்சிடுறோம்.

இப்ப தட்டு விஷயம். தட்டு மேல நாலு நம்பர் போட்டிருக்கும், ஸ்பீடு (எவ்ளோ வேகமா எறியணும்), கிளைடு (எவ்ளோ மிதக்கும்), டர்ன் (வேகமாப் போறப்ப எவ்ளோ திரும்பும்), ஃபேடு (வேகம் குறையறப்ப எவ்ளோ சாயும்)ன்னு. சிங்கப்பூர்ல இருக்கற மச்சான் ஊருக்கு வர்றப்ப 12 ஸ்பீடு டிரைவர் (ரொம்ப தூரம் எறியற தட்டு) ஒண்ணும், இன்னோவா கம்பெனியோட ஏவியார்ங்கற புட்டர் (கிட்டத்துல இருந்து கூடைக்குள்ள போடற தட்டு) ரெண்டும் கொண்டாந்தான். டிரைவர் பறக்கறதுக்கு கையில அசுர வேகம் வேணும், இல்லாட்டி சட்டுனு இடது பக்கம் மடங்கி விழுந்துரும், அதுவும் 40 மீட்டர் கூடைக்கு அதுக்கு வேலையே இல்ல. ஏவியாரோட நாலு நம்பர் 2, 3, 0, 1, கிட்டத்தட்ட நேராப் போயி கடைசில லேசா இடது பக்கம் சாயும் (வலது கைல பேக்ஹேண்டு, அதாவது கைய உடம்புக்குக் குறுக்க கொண்டுபோயி வீசி எறியறவங்களுக்கு). எங்கள மாதிரி சின்ன கோர்ஸுக்கு ரெண்டு புட்டர், நடுத்தர தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச் தட்டு போதும், மூணுக்கு மேல வாங்காதீங்கன்னு தான் எல்லார்கிட்டயும் சொல்றேன்.

நாள்பட ஆடுனாத்தான் தெரியற சங்கதி ஒண்ணு இருக்கு, அது தேய்மானம். நம்ம ஊரு தரை செம்பூராங்கல் சரளை, சாதா பிளாஸ்டிக் தட்டோட விளிம்ப கொஞ்சம் கொஞ்சமா கடிச்சுத் தின்னுரும், விரல வச்சுத் தடவுனா பிசிறு பிசிறா நிக்கும். அப்படித் தேஞ்ச தட்டு இடது பக்கம் சாயறத விட்டுட்டு நேராப் போக ஆரம்பிக்கும், இன்னும் தேஞ்சா வலது பக்கம் திரும்பும். அதத் தூக்கிப் போட்றாதீங்க. எங்க மூணாவது கூடை வேப்பமரத்துக்குப் பின்னால வலது பக்கம் ஒளிஞ்சிருக்கு, புதுத் தட்டு போட்டா மரத்துல அடிக்கும், தேஞ்ச ஏவியார் போட்டா மரத்த சுத்திட்டு அழகாப் போயி நிக்கும்.

காத்துக்கும் இதே கணக்கு தான். ஆடிக்காத்துல அம்மியும் பறக்கும்பாங்க, 175 கிராம் தட்டு எம்மாத்திரம். எதுர்காத்துல தட்டு வலது பக்கம் புரளப் பாக்கும், அப்ப தேயாத புதுசு தான் தாங்கும், பின்காத்துல சீக்கிரம் கீழ இறங்கிரும், அதுக்கு கொஞ்சம் ஒசத்தி எறியணும்.

பார்க்குங்கறது எல்லாருக்கும் பொது, நடக்கறவங்களுக்குத் தான் முதல் உரிமை, இதுல எங்களுக்குள்ள விட்டுக்கொடுப்பே கிடையாது. தட்டு விளிம்பு கெட்டியானது, மண்டையில பட்டா காயம் தான். நாலாவது கூடை நடைபாதைய ஒட்டி இருந்துச்சு, அதப் பிடுங்கி வேலி ஓரமா நட்டுட்டோம். வெள்ளன நடக்க வர்ற ஆச்சி ஒருத்தங்க இருக்காங்க, அவங்க வளைவுல தெரிஞ்சாலே நாங்க தட்ட இறக்கிருவோம், "எறிங்கப்பா, நான் நின்னுக்கறேன்"ம்பாங்க, "இல்ல ஆச்சி, நீங்க போங்க"ன்னு அவங்க தாண்டுன பிறகு தான் எறியறது.

கலரும் முக்கியம். பளிச்சுனு இருக்கும்னு ஆரஞ்சு வாங்குனா செம்மண்ணுல கண்ணுக்கே சிக்காது, வெளிர் நீலமோ வெள்ளையோ வாங்குங்க. பச்சை வேணாம், சீமைக்கருவேலப் புதருக்குள்ள போச்சுன்னா முள்ளுக்குள்ள கைய விட்டுத் தேடணும். மரத்துல மாட்டுன தட்ட எடுக்க ஒரு தொரட்டி எப்பவும் வச்சிருக்கோம். ஆறாவது கூடைக்குப் பக்கத்துல ஊருணி, பெரும்பாலான தட்டு மிதக்காது, முங்கிரும், மழைக்காலத்துல அந்தக் கூடைக்கு பழைய தட்டு தான் எறியறது.

புதுசா ஆரம்பிக்கறவங்க தை, மாசில ஆரம்பிங்க, வெயிலும் ஏறாம காத்தும் அடங்கி இருக்கும். கோட்டையூர், தேவகோட்டைப் பக்கம் யாராச்சும் கூடை அடிக்கணும்னா சொல்லுங்க, ரிம் அளவு, சங்கிலி நீளம் எல்லாம் எழுதி வச்சிருக்கேன், தர்றேன்.