வெள்ளவத்தைக் குழாய்க்கிணறும் ஒரு நீர்ப் பரிசோதனைச் சேவையும்

கொழும்பின் வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் அமைந்த எங்கள் தொடர்மாடியில், குளிப்பதற்கும் கழுவுவதற்கும் பயன்படும் குழாய்க்கிணற்று நீர் மெல்லமெல்லச் சவர்த் தண்ணீராக மாறி, சோப்பு நுரைக்காத நிலைக்கு வந்தபோது, கொழும்பிலுள்ள தனியார் ஆய்வுகூடம் ஒன்றின் நீர்ப் பரிசோதனைச் சேவையை முகாமைக் குழு பெற்றுக்கொண்டது. கட்டணம் சற்று அதிகம்தான். ஆனாலும் கொடுத்த பணத்துக்கு உரிய வேலை நடந்தது என்பதே என் மதிப்பீடு.

நாக்கு உப்பை அறியும், அந்த உப்பு எங்கிருந்து வந்தது என்பதை அறியாது. கடல்நீர் உட்புகுந்தாலும், உப்பின் ஒரு கூறான குளோரைட்டு கூடும். மலக்குழிக் கசிவு கலந்தாலும் கூடும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் எந்தப் பரிகாரத்தையும் தொடங்க முடியாது என்பதால், முழு அயன் தொகுதியையும், அதாவது நீரில் கரைந்துள்ள மின்னேற்றமுள்ள முக்கிய துணிக்கைகளை, அளக்கும் பரிசோதனையைத் தெரிவுசெய்தோம்.

மாதிரி எடுத்த விதம்தான் இச்சேவையின் மிகச் சிறந்த பகுதி. வந்த தொழில்நுட்பவியலாளர் உடனே போத்தலை நீட்டவில்லை. மோட்டரை ஓடவிட்டு, குழாயில் தேங்கிக் கிடந்த நீர் வெளியேறி மின்கடத்துதிறன் (கரைந்த உப்பு கூடக்கூட உயரும் அளவு) ஒரே பெறுமானத்தில் நிலைக்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். பெறுமானத்தையும் வெப்பநிலையையும் அங்கேயே அளந்தார்; காபனீரொட்சைட்டு வெளியேறினால் பி.எச். மாறிவிடும் என்பதால் இதை ஆய்வுகூடம்வரை தள்ளிப்போட முடியாது. ஒரு போத்தலுக்கு நீரை வடிகட்டி ஊற்றிச் சில துளி நைத்திரிக் அமிலம் சேர்த்தார். இல்லாவிட்டால் கரைந்திருக்கும் இரும்பு பழுப்பு மண்டியாகப் படிந்துவிடும். நைத்திரேற்றுக்கும் குளோரைட்டுக்கும் அமிலம் சேர்க்காத வேறொரு போத்தலை, காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்புவரை நிரப்பி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தார். நைத்திரிக் அமிலம் விட்ட போத்தலில் நைத்திரேற்றை அளப்பதில் பொருளில்லை என்பதை அவர் சொல்லித்தான் எங்களில் பலர் அறிந்துகொண்டோம்.

அறிக்கை பற்றி எனக்குக் குறை உண்டு. குடிநீருக்கான இலங்கைத் தர நியமம் 614இன் எல்லைகள், அதாவது லீற்றருக்குக் குளோரைட்டு 250 மில்லிகிராம், நைத்திரேற்று 50 மில்லிகிராம் போன்றவை, ஒரு நிரலிலும் எங்கள் பெறுமானங்கள் மற்றொரு நிரலிலும் இருந்தன. விளக்கம் ஒரு வரிகூட இல்லை. அதுவும் முழுக்க ஆங்கிலத்தில். தமிழ்க் குடும்பங்கள் இவ்வளவு செறிந்து வாழும் பகுதிக்குச் சேவை செய்பவர்கள் ஒரு பக்கத் தமிழ் விளக்கமாவது இணைக்க வேண்டும். நேரேற்ற அயன்களின் கூட்டுத்தொகையும் மறையேற்ற அயன்களின் கூட்டுத்தொகையும் எவ்வளவு பொருந்துகின்றன என்ற கணக்கையும் கேட்டுத்தான் வாங்கினோம். சரியாக அளந்திருந்தால் இரண்டும் ஏறத்தாழச் சமமாக வர வேண்டும்; வித்தியாசம் 5 சதவீதத்துக்குள் இருந்ததால் அளவீடுகளை நம்ப முடிந்தது.

தொலைபேசியில் பேசிய இரசாயனவியலாளர் அந்தக் குறையைப் பெருமளவு ஈடுசெய்தார். சோடியத்தை 23ஆலும் குளோரைட்டை 35.45ஆலும், அதாவது அவற்றின் அணுத்திணிவுகளால், வகுத்து விகிதம் பார்க்கச் சொன்னார். கடல்நீரில் அது ஏறத்தாழ 0.86, எங்கள் நீரில் அதைவிடக் குறைவாக இருந்தது. கடல்நீர் நன்னீர்ப் படைக்குள் நுழையும்போது மண்ணிலுள்ள களி சோடியத்தின் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு கல்சியத்தை விடுவிக்கிறது. விகிதம் இறங்கி, நீரின் வன்மை ஏறுவது அதனால்தான். சோப்பு நுரைக்காததற்கும் அதுவே காரணம். மலக்குழிக் கசிவு கலந்தால் பொதுவாகக் கூடும் நைத்திரேற்று மிகக் குறைவாக இருந்தமையால், மலக்குழிமீதான சந்தேகமும் பெரும்பாலும் நீங்கியது. ஆயினும் நுண்ணுயிர்ப் பரிசோதனை இத்தொகுதியில் அடங்காது. அதைத் தனியாகக் கேட்க வேண்டும்.

அவருடைய ஆலோசனை இன்னும் ஆழமாகத் தோண்டுவதல்ல. நன்னீர் கடல்நீரின்மேல் மிதப்பதால், நீர்மட்டம் 1 மீற்றர் தாழ்ந்தால் இரண்டுக்கும் இடையிலான எல்லை கோட்பாட்டளவில் ஏறத்தாழ 40 மீற்றர் உயரும். ஆகவே காலையில் ஒரே மூச்சாகத் தொட்டியை நிரப்புவதை விடுத்து, குறைந்த வேகத்தில் இடைவெளி விட்டு இறைக்கத் தொடங்கியிருக்கிறோம். மாதந்தோறும் மின்கடத்துதிறனைக் குறித்தும் வருகிறோம்.

கடலோரக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இச்சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பெப்ரவரி முடிவில், மழை குறைந்த காலத்தில் ஒருமுறையும், தென்மேல் பருவமழை பெய்த பின் ஒருமுறையும் மாதிரி எடுக்கும்படி முன்கூட்டியே சொல்லி வையுங்கள்; அயன் சமநிலைக் கணக்கையும் அறிக்கையோடு சேர்த்துக் கேட்டு வாங்குங்கள்.