குவில்ட் ஊசி: மூன்று 75, இரண்டு 90

பண்டாரவளையில் இருக்கும் என் சிநேகிதி, "குவில்ட் தைக்க எந்த ஊசி வாங்கட்டும் அக்கா? பச்சை வளையம் போட்டதுதானே நல்லது?" என்று கேட்டிருக்கிறாள். தலைப்பக்கம் பச்சை வளையம் போட்டு, குவில்ட் தைக்கவென்றே விற்கிற மெசின் ஊசி அது. அதைச் சில வருஷங்களாகப் பாவிக்கிறேன். ஒற்றை வரியில் ஆமாம் என்று சொல்லிவிட முடியவில்லை.

என்னுடையது கறுப்பு இரும்புக் கால் மெசின். தைப்பதெல்லாம் ஹட்டன் குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் ஒட்டுத்துணிப் போர்வை, அதாவது குவில்ட்தான். மேலே துண்டுத் துணிகளை இணைத்த முகம், நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சேலை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஊசியின் முனைக்கு ஈடு இல்லை. சாதா ஊசியின் நுனி லேசாக உருண்டிருக்கும். இது நீண்டு மெலிந்து கூராக இறங்கும். மூன்று படையையும் சேர்த்து வைத்துக் குத்தும்போது சாதா ஊசி 'டொக் டொக்' என்று சத்தம் போடும். இது சத்தமே இல்லாமல் போய் வரும். பழைய சேலைத் துணியில்தான் வித்தியாசம் நன்றாகத் தெரியும். சாதா ஊசி இழையைத் தள்ளி இழுத்து, தையலை ஒட்டி ஒரு சுருக்கக் கோட்டை விட்டுவிடும். பச்சை வளையத்தில் அது அநேகமாக இல்லை. துண்டுகளின் மூலைகளும் நேராகப் பொருந்துகின்றன.

இனி என் கோபம். பாக்கெட்டில் ஐந்து ஊசி. அதில் மூன்று 75/11, இரண்டு 90/14. ஏன் இப்படி? 75 என்றால் ஊசியின் கனம் 0.75 மில்லிமீட்டர், 90 என்றால் 0.90. (கோட்டுக்குப் பின்னால் வரும் 11, 14 அதே கனத்தின் அமெரிக்க எண்.) அந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் எல்லாம் இருக்கிறது. நான்கு சதுரங்கள் கூடும் மூலையைத் தடவிப் பாருங்கள். உள்ளே மடிந்து கிடக்கும் தையல் விளிம்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி ஒரு முடிச்சுப் போல இருக்கும். 75 அந்த இடத்தில் வளையும். வளைந்தால் தட்டின் ஓட்டை விளிம்பில் இடிக்கும். அப்போது முனை மடங்கும், இல்லாவிட்டால் ஊசியே உடையும். துணியை நகர்த்தும் மெசின் பல்லை இறக்கிவிட்டுக் கையால் துணியை நகர்த்திப் பூ வேலை போடும்போது இன்னும் மோசம். கை இழுக்கிற பக்கமெல்லாம் ஊசியும் சாயும். ஆகவே போர்வையின் பெரிய வேலை முழுவதும் 90 இன் தலையில்தான் விழுகிறது. அதைத்தான் இரண்டே இரண்டு தருகிறார்கள்.

90 மட்டும் ஐந்து இருக்கும் பாக்கெட்டும் உண்டு. ஆனால் நம் பக்கத்துக் கடைகளில் நான் கண்டதில்லை. கேட்டால் "கலந்ததுதான் வரும்" என்கிறார்கள். கொழும்புக்குப் போகிறவர்களிடம் சொல்லிவிட்டு, புறக்கோட்டையில் தேடி வாங்கிவரச் சொல்ல வேண்டியிருக்கிறது. என் லாச்சியில் 75 குவிந்து கிடக்கிறது; 90 க்கு எப்போதும் தட்டுப்பாடு. விலையோ சாதா ஊசியைவிடப் பல மடங்கு. விலை கூட என்பதற்காகக் கூடுதல் காலம் வரும் என்று நினைக்க வேண்டாம். எந்த ஊசியானாலும் ஏழெட்டு மணி நேரம் தைத்தால் மாற்றச் சொல்வார்கள். பஞ்சு விரிப்பில் அந்தக் கணக்கு மிகச் சரி. சந்தேகமாக இருந்தால் ஊசியைக் கழற்றி, முனையைப் பெருவிரல் நகத்தின்மேல் மெல்ல இழுத்துப் பாருங்கள். வெள்ளைக் கீறல் விழுந்தால் முனை மடங்கிவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

75 வீண் என்று சொன்னால் அது அநியாயம். துண்டுகளை இணைக்கும் வேலைக்கு, 50 ஆம் எண் மெல்லிய பருத்தி நூலோடு அது அழகாகத் தைக்கும். (நூலில் எண் கூடக்கூட நூல் மெலிசு, ஊசியில் எண் கூடக்கூடக் கனம்.) ஆனால் இணைக்கும் வேலையை நல்ல சாதா ஊசி 80/12 உம் செய்துவிடும். அதற்காக இவ்வளவு காசு கொடுக்க வேண்டுமா?

இன்னொரு குறை, காது. பச்சை வளையத்தின் காது சாதா ஊசியின் அளவுதான். நூல் காதுக்குள் ஒரு தடவை போய்த் தையலாகி விடுவதில்லை. அதே துண்டு நூல் பல தடவை மேலும் கீழுமாகக் காதில் உரசிய பிறகுதான் துணியில் உட்காரும். நம் கடைகளில் கிடைக்கிற பஞ்சு பறக்கும் பருத்தி நூலைப் போட்டு வேகமாக மிதித்தால், காதுக்கு மேலே நூல் நார் நாராகப் பிரிவதைக் கண்ணால் பார்க்கலாம். கனத்த நூலில் மேல்தையல் போடவென்று செய்த டாப்ஸ்டிச் ஊசி 90/14 க்கு மாறினேன். அதன் காது நீளம், நூல் படியும் முன்பக்கப் பள்ளம் ஆழம், முனையும் கூர். நூல் பிரிவது நின்றுவிட்டது. ஜீன்ஸ் துணியில் போர்வை தைக்கிறவர்களுக்கு ஜீன்ஸ் ஊசி 100/16 இருக்கிறது. அதன் தண்டு லேசில் வளையாது.

கார்மென்ட்ஸில் வேலை செய்யும் பிள்ளைகள் அங்கிருந்து ஊசி கொண்டுவந்து கொடுப்பார்கள். அது பெரும்பாலும் டிபி×1 என்கிற ஃபாக்டரி மெசின் ஊசி. தலை முழு உருளை. நம் வீட்டு மெசினுக்கு ஒரு பக்கம் தட்டையான தலை வேண்டும். பாக்கெட்டில் 130/705 எச், எச்ஏ×1, 15×1 என்று எது போட்டிருந்தாலும் அதே இனம்தான், தைரியமாக வாங்கலாம். அந்தப் பிள்ளைகள் தரும் வெட்டுத் துண்டுகளில் டீ-சர்ட் துணி கலந்திருந்தால் அதைத் தனியே எடுத்து வையுங்கள். கூர் முனை அந்தப் பின்னலை அறுத்து ஓட்டை போடும். அதற்கு உருண்டை முனை ஊசிதான் சரி.

மழை மாதங்களில் ஊசியை மெசினிலேயே விட்டுவிடாதீர்கள். பனிமூட்டம் வீட்டுக்குள் வந்துபோகிற ஊர் இது. எண்ணெய் தொட்ட துணியில் சுற்றி மூடி வைத்தால் துரு ஏறாது.

ஆகவே தங்கச்சி, முனைக்கு முழு மார்க் போட்ட பிறகும் சொல்கிறேன்: பச்சை வளையத்தை வாங்காதே. டாப்ஸ்டிச் 90/14 ஒரு பாக்கெட், சாதா 80/12 ஒரு பாக்கெட், இரண்டும் போதும். ஐந்தும் 90 ஆக இருக்கும் பச்சை வளையப் பாக்கெட் எங்காவது கண்ணில் பட்டால் மட்டும் விலை பார்க்காமல் எடு. எனக்கும் ஒன்று.