மவுஸ் அம்பை நம்பாதீர்கள்: ஆர்டிபியா, விஎன்சியா, மூன்லைட்டா?

தொலைவில் இருக்கும் கணினியை நம் திரையிலிருந்தே இயக்கும் ரிமோட் டெஸ்க்டாப்பில் இணைந்ததும் மவுஸை ஆட்டிப் பார்த்துவிட்டு "தாமதமே இல்லையே" என்று முடிவுகட்டுபவர்கள் அதிகம். மைக்ரோசாஃப்டின் ரிமோட் டெஸ்க்டாப் முறையான ஆர்டிபியில் அந்த அம்பை வரைவது நம் முன்னால் இருக்கும் கணினிதான். தொலைவுக் கணினியிலிருந்து வருவது அம்பின் உருவம் மட்டுமே. ஒரு விண்டோவைப் பிடித்து வேகமாக இழுங்கள். அம்பு முன்னால் ஓடும், விண்டோ பின்னால் தள்ளாடி வரும். அந்த இடைவெளிதான் நிஜத் தாமதம்.

ஆர்டிபி அலுவலக வேலைக்கென்றே உருவானது. வழக்கமான அமைப்பில் நொடிக்கு 30 ஃப்ரேம்தான் (ஃப்ரேம் என்பது திரையின் ஒரு படம்), அதாவது ஃப்ரேமுக்கு 33 மில்லிநொடி. விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்தால் 60 வரை ஏற்றலாம். ஏற்றினாலும் சுடும் விளையாட்டுகளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்; பலவற்றில் மவுஸ் அசைவு சரியாகப் போய்ச் சேராமல் கேமரா கிறுகிறுவென்று சுற்றும்.

பலவகைக் கணினிகளிலும் ஓடும் இன்னொரு முறையான விஎன்சி இன்னும் மந்தம். "என்ன மாறியது?" என்று இந்தப் பக்கம் கேட்ட பிறகே அந்தப் பக்கம் படம் அனுப்பும். ஒரு கேள்விக்கு ஒரு பதில் என்றே நடந்தால், போய்வர 50 மில்லிநொடி ஆகும் இணைப்பில் நொடிக்கு 20 படத்துக்கு மேல் வராது. பழுது பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

தொலைவுக் கணினியில் விளையாட உதவும் மூன்லைட்-சன்ஷைன் ஜோடியின் கதையே வேறு; சன்ஷைன் அங்கிருந்து அனுப்பும், மூன்லைட் இங்கே வாங்கிக் காட்டும். கிராபிக்ஸ் கார்டிலேயே திரையைப் பிடித்து, அங்கேயே வீடியோவாகச் சுருக்கி, போய்ச் சேர்ந்ததா என்று காத்திராத யுடிபி என்ற இணைய முறை வழியே தள்ளிவிடும். எல்லாம் வரிசையாகச் சேர்வதை உறுதிசெய்யும் டிசிபி முறையில் ஒரு பாக்கெட் (தகவல் துண்டு) தொலைந்தால் பின்னால் வருவதெல்லாம் வரிசையில் நிற்கும். இங்கே கூடவே அனுப்பிய உபரித் தகவலை வைத்துத் தொலைந்ததை மீட்கப் பார்க்கும். முடியாவிட்டால் அந்த ஃப்ரேமை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும். 120 ஃப்ரேமில் ஓட்டினால் ஒரு ஃப்ரேமுக்கு 8.3 மில்லிநொடிதான். விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தின் ரிமோட் ப்ளேயும் இதே வழிதான், அமைப்பது எளிது.

விளையாட்டை நிறுவனத்தின் கணினியில் ஓட்டி நமக்கு அனுப்பும் ஜிஃபோர்ஸ் நவ் போன்ற கிளவுட் சேவைகளில் தூரமும் சேர்ந்துகொள்கிறது. ஃபைபரில் 1,000 கிலோமீட்டர் போய்வர ஒளிக்கே 10 மில்லிநொடி வேண்டும். அதை வீடியோவைச் சுருக்கும் எந்த என்கோடராலும் குறைக்க முடியாது.

எதை எடுத்தாலும் முதலில் வைஃபையை விட்டுக் கேபிளுக்கு மாறுங்கள். சீரான 30 மில்லிநொடிக்குக் கை பழகிவிடும். 8-க்கும் 50-க்கும் தாவிக்கொண்டிருந்தால் பழகவே பழகாது.

அப்புறம், மூன்லைட் திரையில் காட்டும் எண்களில் மவுஸின் தாமதமும் மானிட்டரின் தாமதமும் சேராது. இரண்டு திரைகளையும் பக்கத்தில் வைத்து, ஃபோனில் 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் படம்பிடித்து, ஒரே அசைவு இரண்டாவது திரையில் எத்தனை படம் தள்ளி வருகிறது என்று எண்ணிப் பாருங்கள். ஒரு படத்துக்குச் சுமார் 4 மில்லிநொடி.